விடுதலை இன்னும் வராத இடத்தில் விசுவாசத்தோடு தங்கியிருப்பது எப்படி?

நம்முடைய சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. அதில் எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் கரையேறியவர்கள். நோய் நீங்கியவரும் கடன் அடைந்தவரும் பத்து ஆண்டுகளுக்குப் பின் பிள்ளை பெற்றவரும் நன்றி சொல்லும்போது நாமும் அவர்களோடு சேர்ந்து அல்லேலூயா சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் நோய் நீங்காதவரும் கடன் அடையாதவரும் அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்து என்ன சொல்வது என்பதற்கு நாம் ஒரு வார்த்தையும் கற்றுத்தரவில்லை. இந்த வழிகாட்டி அவர்களுக்காக, அதாவது இன்னும் நடு ஆற்றில் நிற்பவர்களுக்காக எழுதப்படுகிறது. பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த என் தாயாரை ஐந்து ஆண்டுகள் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவன் என்பதைத் தவிர இதை எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

புத்தாண்டு பிறக்கும் இரவு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும். கர்த்தர் நம்மேல் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்ற அந்த வசனத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாத கிறிஸ்தவ வீடு குறைவு. அதற்கு முந்திய பத்து வசனங்களை யாரும் சட்டம் போடுவதில்லை. அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி, கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று அனனியா என்ற தீர்க்கதரிசி கூட்டத்தின் முன் சொல்லியிருந்தான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் ஆகும் என்று எழுதினார். அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பும் நாளைக் காணப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்களுக்கு அவர் கொடுத்த கட்டளைகள் வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் சிறைப்பட்டுப் போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்பவை. தங்கியிருத்தலுக்கு இதைவிடத் தெளிவான செய்முறைக் குறிப்பு வேதத்தில் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

தங்க வேண்டிய இடமா என்று முதலில் பாருங்கள்

எல்லாத் துன்பத்திலும் தங்கியிருக்க வேண்டும் என்று தேவன் எங்கும் சொல்லவில்லை. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடினான். ஏரோது பிள்ளையைத் தேடியபோது யோசேப்பு இரவோடு இரவாகத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனான். தமஸ்குவில் பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போகும்படி சீஷர்களிடம் சொன்னவர் ஆண்டவரே. ஆகவே வீட்டில் அடி விழுகிறது, பிள்ளைகளுக்கு ஆபத்து இருக்கிறது, பொய்க் கணக்கு எழுதச் சொல்லி வேலையில் வற்புறுத்துகிறார்கள் என்றால், மேலே படிக்காமல் இங்கேயே நிறுத்திவிட்டு வெளியேறும் வழியைப் பாருங்கள். இந்தியாவில் 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவியும், 1098-இல் குழந்தைகளுக்கான உதவியும், உடனடி ஆபத்துக்கு 112-ம் உண்டு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம், அடிபட்ட பெண் கணவன் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கும் உரிமையையும் காக்கிறது.

"இதுதான் உன் சிலுவை, சுமந்துகொள்" என்று இப்படிப்பட்ட பெண்களுக்குப் புத்தி சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். சுவிசேஷத்தில் சிலுவை என்பது ஒருவன் தானாக எடுத்துக்கொள்வது. இன்னொருவன் நம்மை அடிக்கும் கட்டைக்கு அந்தப் பெயரை வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

விட்டுவிட முடியாத துன்பங்களும், விட்டால் வேறொருவர் தலையில் விழும் துன்பங்களும் வேறு வகை. தீராத நோய், படுக்கையில் கிடக்கும் பெற்றோர், குடும்பத்தின் ஒரே வருமானமாக இருக்கும் கடினமான வேலை, கட்சி பிரிந்து கிடக்கும் சபை, கொடுமை இல்லாவிட்டாலும் வறண்டுபோன தாம்பத்தியம் ஆகியவை அந்த வகை. இவற்றில் சிலவற்றை விட்டுப் போவது பாவமும் அல்ல; வேலை மாறுகிறவன் தேவனைவிட்டு மாறுகிறவன் அல்ல. போவதா இருப்பதா என்ற முடிவை எந்த நிலையில் இருந்துகொண்டு எடுக்கிறோம் என்பதே கவனிக்க வேண்டியது. மனம் இருண்டு ஆறுதல் அற்றிருக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்று 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த விதி இங்கே உதவும். எலியாவையும் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு போதும் என்று சாவைக் கேட்டவனிடம் தேவதூதன் அவன் அழைப்பைப் பற்றியோ கடமையைப் பற்றியோ பேசவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுத் தூங்கி, மறுபடியும் சாப்பிட்ட பிறகே பயணம் தொடங்கியது. இரண்டு நாள் ஒழுங்காகத் தூங்கிச் சாப்பிட்ட பிறகும் போக வேண்டும் என்றே தோன்றினால் அந்த எண்ணத்தை மதித்து ஆராயுங்கள். அதற்கு முன் தோன்றுவது களைப்பின் பேச்சாக இருக்கக்கூடும்.

உங்கள் நிலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"என் வாழ்க்கையே போராட்டம்" என்று எழுதாதீர்கள். அது பாட்டுக்கு ஆகும், ஜெபத்துக்கு ஆகாது. நான் எழுதியது இது: "அம்மாவால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை, படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் புரட்டிவிட வேண்டும், ஜூன் மாதத்திலிருந்து நான் தொடர்ந்து மூன்று மணி நேரம் தூங்கவில்லை." ஒரு வாக்கியம் என்று சொல்லிவிட்டு மூன்றை எழுதியிருக்கிறேன் என்பது தெரிகிறது; முதல் முறை அப்படித்தான் வரும். எழுதி முடித்ததும் என் துன்பத்துக்கு ஓர் எல்லை இருப்பது தெரிந்தது. தேவன் என்னைக் கைவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, தூக்கமின்மையாக இருந்தது.

எழுதியதை அப்படியே தேவனிடம் வாசியுங்கள். நன்றியில் தொடங்கித்தான் ஜெபிக்க வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் கற்றது நல்ல பழக்கமே என்றாலும், சங்கீதக்காரர்கள் அதை எப்போதும் கைக்கொள்ளவில்லை. 13-ஆம் சங்கீதம் ஆறே வசனங்கள் கொண்டது. அதில் முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. 88-ஆம் சங்கீதம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலானவை கடைசியிலாவது துதிக்குத் திரும்பும், இது திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர் என்ற முறையீட்டோடு அப்படியே நின்றுவிடுகிறது. அதையும் ஆலயத்தில் பாடும் பாட்டாக இஸ்ரவேலர் வைத்திருந்தார்கள். முறையிடுகிறவன் இன்னும் உறவில் இருக்கிறான். முறையிடுவதை நிறுத்தி ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொள்கிறவனைப் பற்றியே நாம் கவலைப்பட வேண்டும்.

நடுப்பகலுக்கு ஆயத்தமாகுங்கள்

துன்பத்தின் முதல் வாரம் கடினமானது என்று நினைப்போம். உண்மையில் அப்போது வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள், ஆயர் வருவார், பழம் வரும், ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வரும். எட்டாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அந்த வேளையைப் பற்றி நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது; என் அறைக்குள் எட்டிப் பார்த்து எழுதியதைப் போல இருந்தது. சூரியன் நகராமல் நிற்பதாகத் தோன்றும், ஒரு பகல் ஐம்பது மணி நேரமாக நீளும், துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பான், யாராவது வருகிறார்களா என்று தேடுவான், இருக்கும் இடத்தின் மேலும் செய்யும் வேலையின் மேலும் வெறுப்பு வரும், சகோதரர்களிடம் அன்பே இல்லை என்று தோன்றும், வேறோர் இடத்தில் தேவனைச் சேவிப்பது எளிது என்ற எண்ணம் வரும். இதை அவர் நடுப்பகல் பேய் என்றார். 91-ஆம் சங்கீதத்தில் மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம் என்று வருகிறதே, அந்த வசனத்திலிருந்து எடுத்த பெயர். அவருக்கு ஜன்னல் இருந்தது. நமக்குக் கைப்பேசி இருக்கிறது.

அவர் சொல்லும் மருந்துகளில் இரண்டு எனக்குப் பயன்பட்டன. ஒன்று, ஆத்துமாவை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி மற்றப் பாதியைத் தேற்றும்படி, "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்ற 42-ஆம் சங்கீத வார்த்தையை நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் அது கவலையோடு கலந்துவிடும். மற்றொன்று, ஒவ்வொரு வேலைக்கும் அளவு வைத்து, அந்த அளவை முடிக்காமல் எழுந்திருக்காமல் இருப்பது. அளவு சிறியதாக இருக்கட்டும். துணி மடிப்பதாக இருந்தாலும் பத்துத் துணி என்று எண்ணிக்கொண்டு மடித்து முடியுங்கள்.

அதே வனாந்தரத்தில் புத்திமதி கேட்டு வந்த ஒருவனிடம் அப்பா மோசே என்ற மூத்த துறவி, "போய் உன் அறையில் உட்கார், உன் அறை எல்லாவற்றையும் உனக்குக் கற்பிக்கும்" என்றார். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி பெனடிக்ட் தம் மடத்து விதிகளை எழுதியபோது, ஒரே இடத்தில் நிலைத்திருப்பதைப் பொருத்தனையாகவே வைத்தார். மடத்துக்கு மடம் மூன்று நாள், நான்கு நாள் விருந்தாளியாகத் தங்கி வாழ்நாள் முழுவதும் சுற்றித் திரியும் துறவிகளைக் கடுமையாகக் கண்டித்தார். இந்த வாரம் ஒரு கன்வென்ஷன், அடுத்த வாரம் ஓர் உபவாசக் கூட்டம் என்று ஊர் ஊராகப் போகும் நமக்கும் அந்தக் கண்டிப்பில் பங்கு உண்டு என்று சொன்னால் யாரும் வருத்தப்பட வேண்டாம். நானும் அந்த வண்டிகளில் போனவன்தான்.

ஜெபத்தைச் சுருக்குங்கள், தோட்டத்தைப் போடுங்கள்

இரவு இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டும் வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும். வலது தோளுக்குக் கீழ் ஒரு கை, இடுப்புக்குக் கீழ் ஒரு கை கொடுத்து, விரிப்போடு சேர்த்து மெல்ல இழுத்து, முதுகுக்குத் தலையணை வைத்து, முழங்கால்களுக்கு நடுவில் இன்னொன்று வைத்து, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் தூக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் நீண்ட ஜெபம் வராது. தொடக்கத்தில் அதற்காக வருந்தினேன். பிறகு 121-ஆம் சங்கீதத்தில் இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்ற ஒரே வரியை வேலையின் அசைவோடு சேர்த்துக்கொண்டேன். கை கொடுக்கும்போது முதல் பாதி, தலையணை வைக்கும்போது மறு பாதி. ஓராண்டுக்குள் அந்த வரி நான் சொல்லாமலே வரத் தொடங்கியது. உங்களுக்கும் இதையே சொல்வேன்: வாரத்துக்கு ஒரு சங்கீதம், அதில் ஒரு வரி, அந்த வரிக்கு அன்றாட வேலையில் ஓர் இடம். ஆண்டுக்குள் வேதத்தை முழுவதும் வாசித்து முடிக்கும் அட்டவணையை இந்தக் காலத்துக்கு மட்டும் மூடி வையுங்கள். இல்லையென்றால் பிப்ரவரி மாதத்தில் லேவியராகமத்தில் நின்றுபோய், இருக்கும் குற்ற உணர்ச்சியோடு இன்னொன்றும் சேரும்.

எரேமியாவின் கடிதத்தில் உள்ள தோட்டத்தைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டும் இங்கேதான் இருப்பேன் என்று ஒப்புக்கொள்ளும் ஏதாவது ஒரு காரியத்தைச் செய்யுங்கள். ஒழுகும் கூரையை மாற்றுவது, அலுவலகத்தில் யாரும் தொடாமல் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது, மருத்துவமனை வராண்டாவில் வழக்கமாகச் சந்திக்கும் நோயாளியின் பெயரைக் கேட்டு வைப்பது ஆகியவற்றில் எதுவும் போதும். நான் அம்மாவின் ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கைப் போத்தை நட்டேன். சாணி அப்பி வைத்த அந்தப் போத்து மூன்று வாரம் குச்சியாகவே நின்றது. அம்மா ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். துளிர்த்த அன்று இடது கையால் ஜன்னலைக் காட்டினார்கள்.

பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபிப்பது இதைவிடக் கடினம். பாபிலோன் அவர்களுக்கு எதிரியின் ஊர். உங்களுக்கு அது ஒரு மேலதிகாரியாகவோ, மாமியாராகவோ, சொத்து விஷயத்தில் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணனாகவோ இருக்கலாம். "ஆண்டவரே, அவர்களை மாற்றும்" என்று ஜெபிப்பது பெரும்பாலும் புகார்தான். அதற்குப் பதிலாக, அவர்களுக்குத் தேவையான ஒரு நன்மையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மகளின் கல்லூரிக் கட்டணம், முழங்கால் வலி, இரவுத் தூக்கம். அவர்களுக்கு என்ன தேவை என்று தெரியாவிட்டால் அதைத் தெரிந்துகொள்வதே அந்த வார வேலை.

டென்மார்க் அரசர் அனுப்பி 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை 1708-இல் மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். இடையில் நான்கு மாதங்கள் அவர் கோட்டைக்குள் சிறையில் இருந்தார். சிறை வைத்தது வேறு யாரும் அல்ல, டேனிஷ் கோட்டைத் தலைவர். வெளியே வந்தவர் கப்பல் ஏறாமல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின் 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்து எழுதினார். இவர்களைப் போல் நூல்கள் எழுத வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வேலை பெரிதா சிறிதா என்பதைவிட, அது அந்த இடத்தில் செய்யக்கூடியதா என்பதே கேள்வி.

தனியாகத் தங்காதீர்கள்

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன பவுல், மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறார். தமிழில் இரண்டுக்கும் பாரம் என்றே இருந்தாலும் கிரேக்கத்தில் அவை வெவ்வேறு சொற்கள். முன்னது அழுத்தும் சுமை, பின்னது அவனவனுக்கு உரிய மூட்டை. உங்கள் மூட்டையை மற்றவரிடம் கொடுக்க முடியாது. ஆனால் அழுத்துவதைக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். "எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான ஜெபமே கிடைக்கும். "அக்கா, வியாழக்கிழமை நான்கு மணி முதல் ஆறு மணி வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்களா, நான் தூங்கிக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். இருவரிடம் மறைக்காமல் பேசினால் போதும். சபை முழுவதற்கும் தெரிய வேண்டியதில்லை.

விசுவாசக் குறைவு, முன்னோர் சாபம் என்று விளக்கம் சொல்ல வருகிறவர்களும் உண்டு. பிறவிக் குருடனைப் பற்றி யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று ஆண்டவர் சொன்ன பதிலை யோவான் 9-இல் காட்டிவிட்டு, காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தபோது நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல் போனாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். எலியாவுக்கு அடை வந்ததைப் போல நமக்கு மாத்திரை வரலாம்.

வளர்ச்சியை எதைக் கொண்டு அறிவது

ரோமர் 5-இல் உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும் என்று வாசிக்கிறோம். அங்கே பொறுமை என்று நாம் மொழிபெயர்த்திருக்கும் ஹுப்போமொனே என்ற கிரேக்கச் சொல்லுக்குள் "கீழே" என்பதும் "தங்கு" என்பதும் இருக்கின்றன. என்னில் நிலைத்திருங்கள் என்று யோவான் 15-இல் ஆண்டவர் சொன்னதும் அதே தங்குதலைத்தான். இது பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதிலிருந்து வேறுபட்டது என்பதை நான் கற்றது தோற்ற பிறகு. மூன்றாம் ஆண்டில் ஓர் இரவு, மாற்றிய விரிப்பு மறுபடியும் நனைந்தபோது அம்மாவிடம் கத்திவிட்டேன். பேச முடியாதவர்கள், கண்ணை மூடிக்கொண்டார்கள். காலையில் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் நான் ஜெபத்தில் என்னைப் பொறுமைசாலி என்று காட்டிக்கொள்வதை விட்டுவிட்டேன், அதன் பிறகே ஏதோ மாறத் தொடங்கியது.

அதனால் உணர்ச்சியைக் கொண்டு அளக்காதீர்கள். கோபம் வருவதற்கு முன்னைவிடக் கொஞ்சம் தாமதமாகிறதா, மன்னிப்புக் கேட்பது சீக்கிரமாகிறதா, மற்றவருடைய நல்ல செய்தி கேட்டால் வயிற்றில் வரும் அந்த எரிச்சல் குறைந்திருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை, பிறந்தநாள் அன்றோ தவக்காலத் தொடக்கத்திலோ, நீங்கள் முதலில் எழுதிய வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். மாதந்தோறும் பார்க்க வேண்டாம். போத்தைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்ப்பதற்குச் சமம் அது.

நான்காம் ஆண்டில் எங்கள் ஆயர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அம்மா இன்னும் படுக்கையில் இருக்கிறார்களே ஐயா, என்ன சொல்வது என்றேன். அதையே சொல்லுங்கள் என்றார். எழுந்து நின்று, அம்மா விழுந்து 1,140 நாட்கள் ஆகின்றன என்றும், நேற்று இரவு நான்கு முறை எழுந்தேன் என்றும், கர்த்தர் உறங்கவில்லை என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் சபை சற்று நேரம் அமைதியாக இருந்தது. ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, மூளை வளர்ச்சி குன்றிய மகனோடு பின்வரிசையில் உட்காரும் ஒரு சகோதரி பக்கத்தில் வந்து, "இரண்டு மணிக்கா எழுந்திருப்பீர்கள்? நானும் அந்த நேரத்தில்தான் எழுந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.